கல்லமேட்டுத் துரூடொன்டிட்

கல்லமேட்டுத் துரூடொன்டிட் என்பது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு பல்லின் மூலம் அறியப்படும் சிறிய தொன்மா (டைனோசர்) ஆகும். இது கிரீத்தேசியக் காலத்தின் இறுதிக் கட்டத்தில், அதாவது 72 முதல் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தது. ஒரு பல் போதிய சான்று அன்று என்பதால் இதற்கு அறிவியற் பெயர் இடப்படவில்லை.

கண்டுபிடிப்பு

அரியலூர்ப் பகுதி கடல்வாழ் உயிரினங்களின் தொல்லுயிர் எச்சங்களுக்குப் பெயர் பெற்றது. கல்லமேடு பாறை அடுக்கு இவற்றிலிருந்து வேறுபட்டது. கடல் பின்வாங்கிய பின் நிலப்பகுதியில் படிந்த மணலாலும் களியாலும் ஆனது. மிகப் பெரிய தொன்மாக்களுள் ஒன்றாகக் கருதப்படும் புருகத்காயோசோரசு 1987 ஆம் ஆண்டு இவ்வடுக்கிலிருந்தே விவரிக்கப்பட்டது. அதன் எலும்புகள் பின்னர் நொறுங்கி அழிந்துவிட்டன. துரூடொன்டிட்டின் சின்னஞ்சிறு பல்லோ எஞ்சியுள்ளது. அஞ்சலி கோசுவாமி, ஜி. வி. ஆர். பிரசாத் உள்ளிட்ட ஐவர் 2013 இல் 'நேச்சர் கம்யூனிகேசன்சு' ஆய்விதழில் இதனை விவரித்தனர். பல்லின் அளவோடு ஒப்பிடுகையில் பெரியனவாகவும், நுனியை நோக்கி வளைந்தனவாகவும் உள்ள அரம் போன்ற பற்கள் துரூடொன்டிட் குடும்பத்தின் தனி அடையாளம் ஆகும்.

இறகுகள்

கல்லமேட்டில் இறகின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை. இவ்விலங்கு இறகுடையது என்பது சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த அதன் உறவினங்களைக் கொண்டு உய்த்துணரப்படுவதாகும். 2017 இல் விவரிக்கப்பட்ட சியன்னியன்குவாலாங் ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுடையது. அதன் வால் இறகுகளின் இரு பக்கங்களும் சமமற்றவை. இன்றைய பறக்கும் பறவைகளின் சிறகுகளில் இவ்வமைப்பைக் காணலாம். 2004 இல் விவரிக்கப்பட்ட மெய் லாங், கால்களை மடித்து, தலையை முன்னங்கைக்கு அடியில் செருகி உறங்கிய நிலையிலேயே கல்லாகியுள்ளது. கோழி உறங்குவதும் இவ்வாறே.

பரவல் பற்றிய புதிர்

இக்கண்டுபிடிப்புக்கு முன்னர் துரூடொன்டிட்டுகள் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய வடபகுதிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தன. இந்தியாவோ கோண்டுவானா என்னும் தென் பெருங்கண்டத்தின் ஒரு பகுதி. ஏறத்தாழ 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரிலிருந்து பிரிந்து, கடலால் சூழப்பட்டு வடக்கு நோக்கி நகர்ந்து கொண்டிருந்தது. கல்லமேட்டில் உடன் கிடைத்த முதலைகளும் பாலூட்டிகளும் பிற தொன்மாக்களும் தென்கண்டங்களுக்கு உரியவையே. இவற்றிடையே காணப்பட்ட இந்த ஒரு பல், இக்குடும்பத்தின் அறியப்பட்ட பரவலை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் விரிவாக்கியது.

இவை பிற்காலத்தில் வடக்கிலிருந்து கடல் கடந்து வந்திருக்கலாம். அல்லது கண்டங்கள் பிரியுமுன் எங்கும் பரவியிருந்த கூட்டத்தின் எச்சமாக இருக்கலாம். இரண்டாவது கருத்து சரியெனில், தென்கண்டங்களின் பழைய பாறைகளிலும் இவற்றின் எச்சங்கள் கிடைக்க வேண்டும். ஆய்வாளர்கள் இரண்டையும் திறந்தே விட்டுள்ளனர்.