பகலில் பறக்கும் விட்டில்கள்

கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ குடியேறி, வாசலில் நான்கு பூஞ்செடிகள் வளர்த்துவரும் நேயர்கள் ஒரு விந்தையான விருந்தாளியைக் கண்டிருக்கக்கூடும். மஞ்சள் கலந்த பச்சை உடல். கண்ணாடி போன்ற சிறகுகள். பட்டப்பகலில் பூவின் முன்னே அந்தரத்தில் நின்றவாறே தேனருந்தும். தேன்சிட்டு என்பர் சிலர். வண்டு என்பர் வேறு சிலர். உண்மையில் அது விட்டில் இனத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானிகள் இட்ட பெயர் செபோனோடிஸ் ஹைலஸ்.

இரவில் விளக்கை நாடுவது விட்டில், பகலில் மலரை நாடுவது வண்ணத்துப்பூச்சி என்பது நம் வழக்கு. ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இவ்வகைப் பூச்சிகளை மூன்றாக வகுத்தபோது, உணர்கொம்பின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டார்; கூடவே அவை பறக்கும் பொழுதையும் குறித்து வைத்தார். பகலில் பறப்பவை, அந்தியிலும் விடியலிலும் பறப்பவை, இரவில் பறப்பவை. ஆனால் பூச்சிகள் இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படவில்லை. தென்னமெரிக்காவின் யுரேனியா என்னும் பகல் விட்டிலை, அதன் பகட்டான நிறத்தால் போலும், அவர் வண்ணத்துப்பூச்சிகளோடு சேர்த்துவிட்டார். நம் கண்ணாடிச் சிறகியையோ 1771இல் பருந்து விட்டில்களின் வரிசையில் சரியாகவே வைத்தார். பொழுது ஏமாற்றலாம், வடிவம் எளிதில் ஏமாற்றுவதில்லை. வண்ணத்துப்பூச்சிகளே விட்டில் குலத்திலிருந்து பகலுக்கு வந்துவிட்ட ஒரு கிளைதான் என்பது இன்றைய ஆராய்ச்சியின் முடிவு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அகராதியில் விட்டிலுக்கு வெட்டுக்கிளி என்ற பொருளும் இருக்கிறது. அந்துப்பூச்சி என்றாலோ நெற்குதிர்தான் நினைவுக்கு வரும். இரவுப்பூச்சி என்பது நண்பகலில் பறப்பதற்குச் சற்றும் பொருந்தாது. ஆகவே விட்டிலையே ஆளுகிறேன்.

இந்தியாவின் விட்டில்களைப் பற்றிய பெருநூல் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அதனை எழுதிய ஹாம்ப்சன், நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தபோது இவற்றில் ஈடுபாடு கொண்டவர். பின்னர் 1937இல், கார்வாரில் வாழ்ந்த வன அதிகாரி பெல், ஸ்காட் என்பவருடன் சேர்ந்து பருந்து விட்டில்களுக்கென்றே ஒரு தொகுதி எழுதினார். செத்த பூச்சியை ஊசியில் குத்தி வருணிப்பதோடு நில்லாமல், புழு எந்த இலையைத் தின்கிறது என்பதையும் அது கூறுகிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

வங்காளத்தார் கந்தராஜ் எனப் போற்றும் செடியிலும் காப்பிச் செடியிலும் இதன் புழு வளரும். வாலருகே கொம்புடைய அப்புழுவைக் கண்டு பலர் அஞ்சி நசுக்கிவிடுகின்றனர். நசுக்காமல் விட்டால் அது மண்ணுக்குள் சென்று உருமாறும். புதிதாக வெளிவரும் விட்டிலின் சிறகுகளில் சாம்பல் நிறச் செதில்கள் படிந்திருக்கும். முதன்முறை பறக்கும்போதே அவை உதிர்ந்துபோக, சிறகு கண்ணாடியாகிவிடும்.