ஃப்ளூ சுரமும் குழந்தையின் மூளையும்

பெங்களூரில் மழையும் குளிரும் கூடும் மாதங்களில் சுரம் காணாத வீடு அரிது. சுரம் முற்றிய குழந்தைக்கு வலிப்புக் கண்டு நினைவு தப்பினால் நம் பெரியோர் அதனை ஜன்னி என்றனர். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிக் கிடந்தன. இன்ஃப்ளூயன்ஸா மூளையைத் தாக்கும் நிலை அவற்றுள் ஒன்று.

1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் சேர்ந்த 'ரஜுலா' கப்பலில் பலர் சுரத்தோடு வந்திறங்கினர். மலாயா சென்று மீண்ட தமிழ்க் குடும்பங்களில் அக்கப்பலை அறியாதார் சிலரே. 'ஆசிய ஃப்ளூ' இந்தியாவினுள் நுழைந்த வாயில் அதுவாயிற்று. அடுத்த பிப்ரவரிக்குள் நாடெங்கும் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. மாண்டோர் ஏறத்தாழ 1,100 பேர். குன்னூர் பாஸ்டர் நிலையத்தார் அவ்வைரஸை ஆராய்ந்தனர். ஆயினும் அதனை அடக்கும் மருந்து அன்று இல்லை. ஆஸ்ப்ரோ, அனாசின் முதலிய ஆஸ்பிரின் மாத்திரைகளே வீடுகளில் வழங்கின.

அம்மாத்திரையிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. சுரத்திலிருந்து தேறிவரும் குழந்தைக்கு ஈரல் கெட்டு, மூளை வீங்கும் நோயொன்றை 1963-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரை விவரித்தார். ஆஸ்பிரினுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1980-களில் தெளிவாயிற்று. சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுப்பதை நிறுத்திய நாடுகளில் அந்நோய் அரிதாயிற்று.

அதன் பின்னரும் ஃப்ளூ மூளையை விட்டுவைக்கவில்லை. ஜப்பானில் 1998-99 பருவத்தில் இவ்வாறு பாதிக்கப்பட்ட 148 பேரை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டோர். மூவரில் ஒருவர் வீதம் மாண்டனர். சுரம் தொடங்கிய ஓரிரு நாளிலேயே நினைவு மங்கியது. மூளையில் வைரஸைத் தேடியவர்களுக்கு அது பெரும்பாலும் அகப்படவில்லை! உடலின் எதிர்ப்பாற்றலே வரம்பு மீறிப் பொங்கி, ரத்தக் குழாய்களைக் கசியச் செய்து, மூளையை வீங்க வைக்கிறது என்பது புலனாயிற்று.

ஆகவே சிகிச்சையும் மாறியது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, வைரஸுக்கு ஒசெல்டாமிவிர் கொடுப்பதோடு மருத்துவர் நிற்பதில்லை. காவலனின் வெறியைத் தணிக்க ஸ்டிராய்டு மருந்தை மிகுந்த அளவில் செலுத்துகின்றனர். சிலருக்கு இம்யூனோகுளோபுலினும் தருகின்றனர். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. முதல் நாளிலேயே தொடங்கினால் பயன் கூடும் என்பது அனுபவம்.

பெங்களூரில் 1847-இல் தோன்றிய மனநோய் மருத்துவமனையும் 1954-இல் அமைந்த அகில இந்திய மனநல நிலையமும் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. மூளையைத் தாக்கும் வைரஸ்களை ஆராய அங்கே தனித் துறை உண்டு. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது சளி மாதிரிகளை அங்கே சோதித்தனர். அதன் அருகிலேயே இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும் இருக்கிறது.

சுரத்தில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்று, குழந்தை தெளிந்துவிடும். தெளியாமல் மயங்கிக் கிடந்தாலும், பிதற்றினாலும், தாயை அடையாளம் காணாவிட்டாலும், "தூங்கட்டும்" என்று விடியும் வரை காத்திருத்தல் கூடாது. சுரம் தொடங்கிய நேரம், வலிப்பு நீடித்த நேரம், கொடுத்த மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு புறப்படலாம். கன்னடம் இன்னும் நாவில் படியாத தாய்மார்க்கு அத்தாள் பெரிதும் உதவும்.