காணாக்கடியும் நித்திரைக் குளிகையும்



உடலெங்கும் திடீரெனத் தடித்து அரிக்கும் காணாக்கடிக்கு வைத்தியர் சிறு குளிகையொன்று தருகிறார். அரிப்புத் தணிகிறது, கண்களோ செருகுகின்றன. இந்த நித்திரையின் வரலாறு அரிப்பின் வரலாற்றினும் சுவையானது என்பேன்.

1910இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், ஹிஸ்டமீன் என்னும் பொருளை விலங்குகளிற் செலுத்தி, குருதியமுக்கம் வீழ்வதையும் மூச்சுக்குழாய் இறுகுவதையும் கண்டார். அப்பொருள் நம் உடலிலேயே உறைவது பின்னர் தெளிவாயிற்று. ஒவ்வாத உணவோ மருந்தோ புகுந்தால் சில உயிரணுக்கள் அதனை வெளிவிடுகின்றன. நுண்குழாய்கள் கசிந்து தோல் தடிக்கிறது.

1937இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டானியல் போவேயும் ஆன் மரீ ஸ்டோப் அம்மையாரும், ஹிஸ்டமீனால் மடியவேண்டிய கினிப்பன்றிகளைக் காக்கும் பொருளொன்றைக் கண்டறிந்தனர். ஆயினும் அது மனிதருக்குக் கொடுக்கவொண்ணா நச்சுடையது. பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியிலிருந்த 1942இலேயே அந்தேர்கன் என்னும் மருந்து நோயாளர் கைக்கு வந்தது. போவே 1957இல் நோபெல் பரிசு பெற்றார்.

இம்மருந்துகள் ஹிஸ்டமீனை அழிப்பதில்லை. அது அமரவேண்டிய ஆசனத்தில் முந்திப்போய் அமர்கின்றன, அவ்வளவே. ஆனால் மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்வதும் அதே ஹிஸ்டமீன். நித்திரை வந்த காரணம் இதுதான். பலர் குறையென்று கண்ட இதனைப் பிரெஞ்சுக் கடற்படைச் சத்திரவைத்தியர் லபோரி வேறுவிதமாக நோக்கினார். புரோமெதசீன் பெற்ற நோயாளர் சத்திரசிகிச்சைக்கு முன் அமைதியுறுவதை அவர் கவனித்தார். அதே இரசாயனக் குடும்பத்தில் 1950இல் பிறந்த குளோர்புரோமசீன், 1952இல் பாரிஸில் மனநோயாளர்க்கு வழங்கப்பட்டது. அரிப்புக்குத் தேடிய வழி மனநோய் மருத்துவத்தின் வாயிலுக்கு இட்டுச் சென்றது!

மூளையுட் செல்லாத குளிகையைத் தேடியோர்க்கு டெர்பெனடீன் கிடைத்தது. வழக்கமாக ஈரல் அதனை மாற்றிவிடும். எரித்ரோமைசின் போன்ற மருந்து அதனைத் தடுத்தபோது, குருதியில் மிகுந்து இதயத் துடிப்பைக் குலைத்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையினின்று நீங்கியது. ஈரல் மாற்றித் தரும் பெக்சோபெனடீன் அதனிடத்தைப் பெற்றது. பழைய நித்திரைக் குளிகையும் ஒழிந்துவிடவில்லை. அதனை விழுங்கியவர் வாகனமோட்டலாகாது.

ஒன்றுமட்டும் குளிகைக்கு அப்பாற்பட்டது. தடிப்போடு நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால், அப்போது தேவை அட்ரினலின் ஊசி. அரிப்பு அடங்கட்டுமென்று வீட்டில் காத்திராது, உடனே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.