மழைக்கு முன் ஏரிப்பணி: பழவேற்காட்டுப் பின்புலத்தில் குடிமராமத்தும் 1858-ஆம் ஆண்டுச் சட்டமும்

பழவேற்காட்டு வட்டாரத்தில் ‘ஏரி’ என்னும் சொல் இருவகை நீர்நிலைகளைக் குறிக்கிறது. ஒன்று மீனவர் வலை வீசும் உவர்நீர் ஏரி. மற்றொன்று பொன்னேரிப் பகுதி உழவரின் பாசன ஏரி. பின்னதன் மிகைநீர் கலங்கல் வழியே கழிந்து, ஆரணியாற்றோடு முன்னதை அடைகிறது. கோடையில் மணல் தூர்ந்து குறுகும் முகத்துவாரம் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தால் மீண்டும் திறக்கிறது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வருவதும் அவ்வழியாகவே. மழைக்கு முன் ஏரிகளைச் செப்பனிடும் வழக்கமான குடிமராமத்தை, நீரைப் பெற்றவர் யார், மண் சுமந்தவர் யார் என்னும் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய வறண்ட மாதங்களே இப்பணிக்கு உரியவை. வரத்துக்கால்களில் மண்டிய புதரை வெட்டுதல், ஏரியின் உட்புற வண்டலை அள்ளுதல், கரையின் பள்ளங்களை மண்ணிட்டு மெத்துதல், மதகின் அடைப்பையும் கலங்கலின் கற்கட்டையும் சரிபார்த்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். அள்ளிய வண்டல் வயலுக்கு எருவாயிற்று. கரை உடைந்தால் அவ்வாண்டு விளைச்சலே போய்விடும். மதுராந்தகத்தில் ஆட்சியர் லயனல் பிளேஸ் காலத்தில் இராமனே ஏரிக்கரையைக் காத்தான் என்னும் செவிவழிக் கதை வரலாற்றுச் சான்று ஆகாது. எனினும் அந்த அச்சத்தின் அளவை அது உணர்த்துகிறது.

இப்பணி வெறும் நல்லெண்ணத்தால் நடைபெறவில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கல்பட்டு ஜாகீர் அளவீட்டில், களத்து நெல்லிலிருந்து ஊர்ப் பணிகளுக்கும் பணியாளர்க்கும் ஒதுக்கப்பட்ட பங்குகள் பதிவாகியுள்ளன. ஏரிக்கும் அவ்வாறு மேரை இருந்தது. கும்பினி ஆட்சியில் வருவாய்த் தேவை பெருகி, ஊர்ப் பங்குகள் சுருங்கியபோது, பராமரிப்புக்கான மூலப்பொருளும் குறைந்தது. குடிகள் கடமை மறந்தனர் என்னும் பிற்கால அதிகாரிகளின் குறை, இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

இச்சூழலில்தான் 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாகிய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. அதில் இருவேறு உழைப்புகள் ஒருங்கே இடம்பெற்றன. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால், அருகிலுள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களைக் கட்டாயமாக அழைக்கலாம். அவர்களுக்குக் கூலி உண்டு. வழக்கத்தால் கட்டுண்ட ஊர்ப்பணிக்கு வரத் தவறுவோரிடமோ, அவர் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம். மேரையைப் பற்றிய ஏற்பாடு எதுவுமின்றிக் கடமையை மட்டும் சட்டமாக்கியது இதன் அடிப்படைப் பிழை எனலாம். 1901–03 பாசன ஆணையத்தின் காலத்திலும் குடிமராமத்தின் நலிவே பேசுபொருளாக இருந்தது.

ஆயினும் சட்டத்தை மட்டும் குறைகூறி, அதற்கு முந்திய ஊரைச் சமத்துவ அமைப்பாகச் சித்திரிப்பதும் பொருந்தாது. தென்மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் தமது 2003-ஆம் ஆண்டு நூலில், நீர்ப் பங்கீடு சாதி, அதிகாரப் படிநிலைகளோடு பின்னியிருந்ததைக் காட்டியுள்ளார். செங்கல்பட்டில் நிலவுரிமை மிராசுதாரரிடம் இருந்தது. மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் அவர்களின் பண்ணையாட்கள். செங்கல்பட்டுப் பறையர் நிலை குறித்து ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த குறிப்பு, நிலமின்மையும் கடன்பிணைப்பும் அவர்களை எவ்வாறு கட்டிவைத்தன என்பதை விரிவாக எடுத்துரைக்கிறது. நில உடைமையாளர் பெயரில் எழுதப்பட்ட கடமையை அவர்களே உடலால் செலுத்தினர்.

இங்குப் பழவேற்காட்டு மீனவரின் ‘பாடு’ முறை ஒப்புநோக்கத்தக்கது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் மீன்பிடி இடங்கள் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிரப்படுகின்றன. இடம் பெற்றவரே வலையிடுகிறார். உரிமையும் உழைப்பும் ஒருவரிடமே சேர்கின்றன. அதற்கும் மறுபக்கம் உண்டு: பாட்டுரிமை பட்டினவர் ஆண்களுக்கே உரியது, இருளர் உள்ளிட்டோர் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

தமிழ்நாடு அரசு 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பயனாளிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது அத்திட்டத்தின் விதியாக இருந்தது. பாசனச் சங்கங்களின் உறுப்புரிமை ஆயக்கட்டு நிலத்தைச் சார்ந்தது. நிலமற்ற கூலியாளும், ஆரணியாற்றின் முடிவில் வலையிடும் மீனவரும் அப்பட்டியலில் இல்லை.