கோவளம் - ஒரு பழைய துறைமுகத்தின் கதை

கோவளம் என்றதும் பலருக்குக் கேரளக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கி.மீ. தொலைவில் இன்னொரு கோவளம் இருக்கிறது. இன்று செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் ஒன்றியத்தில் உள்ள இந்த மீனவர் ஊருக்காக, ஒரு காலத்தில் போரே நடந்தது!

அமைவிடம்

கிழக்கே வங்கக் கடல், வடக்கே முட்டுக்காடு உப்பங்கழி, மேற்கே பக்கிங்காம் கால்வாய். உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரம் ஊரை ஒட்டியே இருக்கிறது.

வரலாறு

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்ட் நகர வணிகர்கள் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722-ல் அவர்களுடைய கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். போட்டியைப் பொறுக்காத இங்கிலாந்தும் ஹாலந்தும் நெருக்கடி கொடுக்கவே, 1727-ல் கம்பெனியின் வணிகம் நிறுத்தப்பட்டது. 1731-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

பிறகு ஆற்காடு நவாபு கட்டிய கோட்டைக்குச் 'சாதத் பந்தர்' என்று பெயர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் தந்திரமாக அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள்.

1752-ல் ராபர்ட் கிளைவ் வந்தார். அவரிடம் இருந்தது 500 புதுச் சிப்பாய்களும் 200 ஆங்கிலேயப் புதுமுகங்களும்தான். கோட்டையிலிருந்து வந்த முதல் குண்டுக்கு ஒருவன் இறந்ததும் மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த ஒரு காவல்காரன் கிணற்றுக்குள் ஒளிந்திருந்தானாம்! ஆனாலும் கோட்டை விழுந்தது. அது தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையைக் கிளைவ் வழியில் மறைந்திருந்து தாக்கினார். தொடர்ந்து செங்கல்பட்டுக் கோட்டையும் அவர் கைக்கு வந்தது. கோவளம் கோட்டை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. துறைமுகமும் அதோடு மங்கிப் போனது.

இன்று

தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், மீனவர் குப்பம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. 2004 சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. 2021-ல் இக்கடற்கரைக்கு 'நீலக் கொடி' சான்றிதழ் கிடைத்தது.

ஆனால் கோவளத்தின் உண்மையான முக்கியத்துவம் வேறு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, இந்த முகத்துவாரத்தில்தான் கடலை அடைகிறது. இங்கே மணல் மேடு அடைத்துக்கொண்டால் தென்சென்னைத் தெருக்களில் தண்ணீர் வடியாது.

அன்று கோட்டைக்காகச் சண்டை போட்டவர்கள் யாரும் இன்று இல்லை. மீன் பிடிப்பவர்களும் கடலுக்குப் போகும் அந்த வாசலும்தான் மிச்சம். அந்த வாசல் அடைபடாமல் இருக்க வேண்டும் என்பது கோவளத்துக்காரர்களின் கவலை மட்டும் அல்ல, சென்னைக்காரர்களின் கவலையும்தான்.