நிலாவின் ஒரிஜினல் டேப் எங்கே போனது?

கல்யாண கேசட்டின் மேல் கிரிக்கெட் மேட்ச் பதிவான கதை பல வீடுகளில் உண்டு. புது கேசட் வாங்கச் சோம்பல்பட்டு, லேபிளைக்கூடப் பார்க்காமல் யாரோ ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் டெண்டுல்கர் வந்து நிற்பார்! வீட்டில் நடந்தால் நாலு நாள் சண்டையோடு முடிந்துவிடும். இதையே நாசா செய்தால்? அதுவும் மனிதன் முதன்முதலாக நிலவில் கால் வைத்த காட்சியின் மேல்?

"அந்தக் காட்சியைத்தான் இன்றைக்கும் பார்க்கிறோமே" என்று கேட்பீர்கள். பார்க்கிறோம்தான். ஆனால் பார்ப்பது நகலின் நகல். ஒரிஜினல் வேறு.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. அதில் இருந்த டிவி கேமரா வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தயாரித்தது. வீரர்களின் குரல், அவர்களுடைய இதயத்துடிப்பு, கலத்தின் அளவீடுகள் எல்லாமே ஒரே ரேடியோ அலையில் பூமிக்கு வர வேண்டும். இவையெல்லாம் போக வீடியோவுக்குக் கிடைத்த இடம் ரொம்பக் குறைவு. அதனால் அந்தக் கேமரா வினாடிக்கு 10 படம், ஒரு படத்துக்கு 320 கோடு என்ற கணக்கில் மட்டுமே அனுப்பியது. அமெரிக்க டிவிக்கோ வினாடிக்கு 30 படமும் 525 கோடுகளும் தேவை. ஒன்றுக்கொன்று ஒத்தே வராது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். நிலவிலிருந்து வந்த படத்தை ஒரு நல்ல மானிட்டரில் ஓடவிட்டு, அதன் எதிரே சாதாரண டிவி கேமரா ஒன்றை வைத்துப் படம் பிடித்தார்கள். போதாத படங்களை ஈடுகட்ட, அதே படத்தை ஒரு காந்தத் தட்டில் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கேபிள் கிடைக்காதபோது டிவி முன்னால் ஹேண்டிகேமை வைத்து காப்பி எடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான் (இயந்திரம் மட்டும் ரொம்ப விலை கூடியது). இப்படி மாற்றிய படம் மைக்ரோவேவ், செயற்கைக்கோள், தொலைபேசி நிறுவனத்தின் லைன் என்று பல கைமாறி ஹூஸ்டனுக்குப் போய், அங்கிருந்து உலகமெங்கும் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் தெளிவு போயிற்று. ஆம்ஸ்ட்ராங் ஆவி மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான், நிலவில் இருந்த கேமரா அல்ல.

சிக்னலைப் பிடித்த நிலையங்கள் மூன்று: கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவில் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ். முதலில் கோல்ட்ஸ்டோன் படம் ஒளிபரப்பானது. ஒரு சுவிட்ச் மாறியிருந்ததால் அது தலைகீழாக வந்தது! அதைத் திருப்பிய பிறகும் கறுப்பு வெள்ளை சரியாக அமையவில்லை. உடனே ஹூஸ்டன் ஹனிசக்கிள் கிரீக்குக்கு மாறியது. அந்த முதல் காலடி உலகத்துக்குத் தெரிந்தது அங்கிருந்த 26 மீட்டர் டிஷ் வழியாக. சில நிமிடம் கழித்து பார்க்ஸின் 64 மீட்டர் டிஷ்ஷுக்கு மாறியவர்கள் கடைசிவரை அதிலேயே இருந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஒளிபரப்பு தடைப்பட்டால் உதவுமே என்று, மாற்றப்படாத அசல் சிக்னலை இந்த நிலையங்கள் ஒரு அங்குல அகலமுள்ள, 14 தடங்கள் கொண்ட டேப்பில் பதிந்து வைத்தன. ஒரு டேப் சுமார் 15 நிமிடம் ஓடும். இப்படி வீடியோ அடங்கிய டேப்கள் 45 வரை இருந்தன. ஒளிபரப்பு வெற்றிகரமாக முடிந்ததால் இவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிகளில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பியதோடு சரி.

இந்தக் கதையைக் கிளறிவிட்டது சில போட்டோக்கள். அன்று நிலையங்களில் மானிட்டரையே நேராக எடுத்த போலராய்டு படங்கள், உலகம் பார்த்ததைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தன. அப்படியென்றால் அசல் டேப்பும் அதே தெளிவில்தானே இருக்க வேண்டும்? பார்க்ஸைச் சேர்ந்த ஜான் சார்கிசியன், கேமராவை உருவாக்கிய குழுவின் தலைவர் ஸ்டான் லெபார், நாசா கோடார்டு மையத்தின் பொறியாளர் டிக் நாஃப்ஸ்கர் ஆகியோர் தேடலில் இறங்கினார்கள். 2006-ல் செய்தி பத்திரிகைகளுக்கு வந்தது. அந்தப் பழைய டேப்பை ஓட்டக்கூடிய இயந்திரம் கோடார்டின் ஒரு ஆய்வகத்தில் இருந்தது. அந்த ஆய்வகத்தை மூடவும் நாள் குறித்திருந்தார்கள்! கைவசம் இயந்திரம் இருக்கிறது, டேப்பைத்தான் காணோம்.

2009-ல் பதில் வந்தது. 1970களிலும் 80களிலும் டேப் பற்றாக்குறை ஏற்பட்டபோது கிடங்கிலிருந்து சுமார் 2 லட்சம் டேப்களை நாசா திரும்ப வாங்கி, காந்தத்தால் அழித்து, மறுபடி பயன்படுத்தியிருக்கிறது. அந்தக் கும்பலோடு நிலாவும் போயிருக்க வேண்டும் என்பதுதான் முடிவு. இதில் சதி எதுவும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அது "பழைய அளவீட்டு டேப், மறுபடி உபயோகிக்கலாம்" என்ற சரக்கு, அவ்வளவே. சிக்கனம் பார்த்த குமாஸ்தாவைத் திட்டுவதும் கஷ்டம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அசல் இல்லை என்று தெரிந்ததும் இருக்கிற நகல்களில் நல்லதைத் தேடினார்கள். சிபிஎஸ் டிவியின் காப்பகம், சிட்னியில் பதிந்த வீடியோ, ஹூஸ்டனில் கிடைத்த பிலிம் சுருள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இவற்றோடு ஒரு வீட்டு சினிமாவும் சேர்ந்ததுதான் விசேஷம். ஹனிசக்கிள் கிரீக்கில் டிவி பிரிவில் வேலை பார்த்த எட் வான் ரெனுவார்ட், அன்று தன் சூப்பர் 8 கேமராவால் எதிரில் இருந்த மானிட்டரைப் படம் பிடித்திருந்தார். குழந்தையின் பிறந்தநாளை எடுக்கிற ரகக் கேமரா அது! கோடிக்கணக்கில் செலவு செய்த ஒரு ஏற்பாட்டுக்கு அந்தச் சின்னச் சுருளும் கை கொடுத்தது.

ஹாலிவுட்டின் பழைய படங்களைச் சுத்தம் செய்த லோரி டிஜிட்டல் நிறுவனத்திடம் 2 லட்சத்து 30 ஆயிரம் டாலர் திட்டத்தில் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. 2009 ஜூலையில் முதல் காட்சிகள் வெளியாயின. புள்ளிகளும் இரைச்சலும் குறைந்திருந்தன. முகக்கவசத்தின் பிரதிபலிப்புகூட ஓரளவு தெரிந்தது. ஆனால் அசலில் இருந்து தொலைந்துபோன விவரத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொரு டேப் கதையும் உண்டு. 1976-ல் நாசாவில் பயிற்சி மாணவராக இருந்த ஒருவர், அரசு ஏலத்தில் 1,150 பழைய டேப் சுருள்களை 217.77 டாலருக்கு வாங்கினார். டிவி நிலையங்களுக்கு விற்றுக் காசு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. அதில் மூன்று சுருள்களில் ஹூஸ்டனில் பதிவான அப்பல்லோ 11 ஒளிபரப்பு இருந்தது. அந்த மூன்று மட்டும் 2019 ஜூலை 20 அன்று, சரியாக ஐம்பதாம் ஆண்டு நிறைவில், நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலத்தில் 18 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயின. அவையும் அந்த 45-ல் சேர்ந்தவை அல்ல. டிவிக்காக மாற்றிய பிறகு பதிந்த படம்தான்.