கணக்கு வராத பிள்ளை: தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் பதினாறு வயதுக்குப் பிந்தைய கல்வி வழிகளின் வரலாறு

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடலோரச் சாலையில் கிளேபாங்கைத் தாண்டிப் போனால் தஞ்சோங் கிளிங் வரும். தென்னிந்தியரோடு இந்தக் கரைக்கு இருந்த பழைய உறவு ஊர்ப் பெயரிலேயே நிற்கிறது. ஹங் துவாவின் கல்லறை என்று மக்கள் போற்றும் இடம் ஒரு பக்கம். சுதந்திர வர்த்தக வட்டாரத்தின் தொழிற்சாலைகள் இன்னொரு பக்கம். அதற்கும் அப்பால் சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் பாயா ரும்புட், டுரியான் துங்கல் என்று ரப்பர் மணம் மாறாத ஊர்கள். இந்த வட்டாரத் தமிழ் வீடுகளில் மூன்று தலைமுறையாக ஒரு சொல் புழங்கிவருகிறது: "பிள்ளைக்குக் கணக்கு வராது." அந்தச் சொல்லோடு ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு காலத்திலும் அப்படி முடித்துவைத்தது எது, முடியாமல் தொடர எந்தக் கதவு இருந்தது என்பதை இக்கட்டுரை தேடுகிறது.

பால் கொட்டகையின் கணக்கு

மலாயாவில் வணிகத்துக்கென ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். 1898இல் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரித்தார். அந்தத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் கணக்கு அறியாதவை என்ற எண்ணம் பின்னாளில் எப்படியோ நிலைத்துவிட்டது.

பகலில் பால் கொட்டகையில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மரம் வெட்டியவர்கள் காண்டா வாளிகளில் பாலைச் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டக் கணக்கரான கிராணி பாலை அளப்பார். பிறகு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, ஒரு காலன் பாலில் எத்தனை பவுண்டு உலர்ந்த ரப்பர் தேறும் என்று பார்ப்பார். நான்கு காலன் பால், கருவி காட்டியது மூன்று என்றால் பன்னிரண்டு பவுண்டு. மழை பெய்து பாலில் தண்ணீர் கலந்தால் கருவியின் எண் இறங்கும், கூலியும் இறங்கும். வாளியைச் சுமந்தவருக்கு இந்தப் பெருக்கல் வயிற்றோடு சேர்ந்தது. காசுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை அவர்கள் தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

தாளில் எழுதக் கற்றுத்தரும் பள்ளியோ மெலிந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த நிபந்தனையைப் பெயருக்கு நிறைவேற்றிய தோட்டங்கள் ஏராளம். படித்த கங்காணியோ கிராணியோ வேலை நேரம் போக ஆசிரியராக நின்ற இடங்களும் உண்டு. விடுதலை பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இடைநிலைப்பள்ளி இல்லை. பதினாறு வயதுக்குப் பிந்தைய கல்வி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. படிப்பு முடிந்த மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள்.

பதினாறில் நின்ற வடிகட்டி

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையும் தேசியக் கல்விமுறையைக் கட்டின. தொடக்கக் கல்வி தாய்மொழியில் தொடரலாம். இடைநிலையில் அரசு உதவி மலாய், ஆங்கில வழிப் பள்ளிகளுக்கு மட்டும். ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. பத்தில் மூன்று பேர் அளவுக்கே அதைத் தாண்டி மேலே போனார்கள். 1964இல் அத்தேர்வு நீங்கிய பிறகு மூன்றாம் படிவம் வரை எல்லோரும் ஏற முடிந்தது. தோட்டப் பிள்ளைகள் பெருவாரியாக இடைநிலைப்பள்ளி வாசலை மிதித்தது அதன் பிறகே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அன்று தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை நேராக முதல் படிவத்தில் உட்காரவில்லை. 'ரிமூவ்' என்று ஊரில் சொல்லும் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி படித்துவிட்டுத்தான் ஏறியது. பன்னிரண்டில் ஆறாம் வகுப்பு, பதின்மூன்றில் ரிமூவ், பதினாறில் மூன்றாம் படிவம். மூன்றாம் படிவ முடிவில்தான் எல்.சி.இ. தேர்வு, பின்னாளில் அதன் இடத்தில் எஸ்.ஆர்.பி. மற்றவர்களுக்குப் பதினைந்தில் வந்த வடிகட்டி, தமிழ்ப் பிள்ளைக்குச் சரியாகப் பதினாறில் வந்தது. தேறாதவன் வீடு திரும்பும்போது சட்டப்படி வேலைக்குப் போகும் வயதை எட்டியிருந்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடியுரிமை இல்லாத குடும்பங்கள் வேலை பெர்மிட் சிக்கலில் அல்லாடிய காலம் அது. இன்னோர் ஆண்டு படித்துத் திரும்ப எழுதட்டும் என்று சொல்லும் நிலையில் எத்தனை வீடுகள் இருந்திருக்கும்?

1971இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. எஸ்.ஆர்.பி.யில் தவறிய பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வாசல் வீட்டுப் பக்கத்திலேயே திறந்தது. உடனே சம்பளம் கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை. ஓர் இயந்திரத்தில் பத்து ஆண்டு கைபழகியவர் வேறு ஆலைக்குப் போனால் மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய கல்வி இழப்பு இதுதான் என்று கருதுகிறேன். தேர்வில் தவறியதைவிட, கற்ற தொழில் கணக்கில் ஏறாமல் போனது பெரிய இழப்பு.

1979ஆம் ஆண்டு அமைச்சரவைக் குழு அறிக்கை பதினோராண்டுக் கல்வியை வலியுறுத்தியது. 1993இல் எஸ்.ஆர்.பி. போய் பி.எம்.ஆர். வந்த காலத்தில், பிள்ளைகள் ஐந்தாம் படிவம்வரை ஏறிப் போவது பொது வழக்கமாயிற்று. வடிகட்டி ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்கு நகர்ந்தது.

மொழி மாறிய கணக்கு

'கணக்கு வராது' என்ற சொல்லின் உள்ளே பாதி மொழிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும்.

1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பு மலாய் வழிக்கு மாறியது. ஆண்டுக்கொரு வகுப்பாக அது ஏறி 1976இல் முதல் படிவத்தைத் தொட்டது. அதற்கு முன்பு தோட்டப் பிள்ளை தமிழில் கற்ற கணக்கை ஆங்கிலத்தில் தொடர்ந்தது. அதன் பிறகு மலாயில். ஆறு ஆண்டு 'பின்னம்' என்று படித்தது ஒரே விடுமுறைக்குள் 'பெச்சாஹான்' ஆனது. பெருக்கல் 'டாராப்', வகுத்தல் 'பாஹாகி', விழுக்காடு 'பெராதுஸ்'. வெறும் எண்களாகக் கொடுத்தால் போட்டுவிடும் பிள்ளை, அதே கணக்கை ஒரு கதையாகக் கொடுத்தால் விழித்தது. கேள்வி எதைக் கேட்கிறது என்று புரிவதற்குள் மணி அடித்துவிடும்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப்பள்ளி முதல் வகுப்பில் பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணத் தொடங்கியது; வீட்டில் தாத்தா தமிழில் எண்ணினார். தோட்டப் பள்ளியில் தமிழில் இருபது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் பாடத்தை ஆங்கிலத்தில் தயாரிக்க வேண்டியிருந்தது. 2009இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டுகளில் படிப்படியாகத் தமிழுக்கும் மலாய்க்கும் திருப்பியது. 2016இலிருந்து விரும்பும் பள்ளிகளில் இருமொழித் திட்டம் என்று ஆங்கிலம் மறுபடி நுழைந்தது. அம்மா ஒரு மொழியில், அக்காள் ஒரு மொழியில், தம்பி ஒரு மொழியில் கணிதம் படித்த வீடுகள் இப்படி உருவாயின. அக்காளின் நோட்டுப் புத்தகம் தம்பிக்கு உதவாத வீடு அது.

மொழி மட்டுமே காரணம் என்று நான் வாதிடவில்லை. எண்களே உண்மையில் பிடிபடாத பிள்ளைகளும் உண்டு; எந்த இனத்திலும் உண்டு. ஆனால் மொழி மாற்றத்தில் இடறியவர்களையும் அவர்களோடு சேர்த்து ஒரே பெயர் வைத்துக் கூப்பிட்டதால், இரு சாராருக்கும் தேவையான உதவி கிடைக்கவில்லை.

'சி'க்கும் 'இ'க்கும் நடுவே

எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேற வேண்டும்; 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். கணிதத்தை எல்லோரும் எழுத வேண்டும், தேறியாக வேண்டும் என்ற விதி இல்லை. 2009இலிருந்து நடப்பில் இருக்கும் தரவரிசையில் 'இ' என்பது தேர்ச்சி, 'சி' என்பது கிரெடிட். மெட்ரிகுலேஷனும் பொறியியல், கணக்கியல் டிப்ளோமாக்களும் கிரெடிட்டைப் பார்க்கின்றன. இந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நிற்கும் பிள்ளையை வீடு 'ஃபெயில்' என்கிறது. அது உண்மையில் தேறிய பிள்ளை.

இங்கிலாந்து இதில் வேறு வழி பிடித்தது. பதினாறில் கணிதத்தில் உரிய தரம் எட்டாதவர், பதினெட்டு வரை எந்தப் படிப்புக்குப் போனாலும் கணிதத்தையும் தொடர வேண்டும் என்று 2014இலிருந்து அங்கே நிபந்தனை உள்ளது. மலேசியாவில் அப்படித் துரத்துவதில்லை. மறுபடி எழுத விரும்புவோருக்கு எஸ்.பி.எம். மறுதேர்வு உண்டு, மலாய், வரலாற்றோடு கணிதமும் அதில் உள்ளது. 'இ' வாங்கிய பிள்ளைக்கு இந்தத் தாளை ஒருமுறையாவது எழுதிப் பார்ப்பது நல்லது என்பேன். அழுது எழுத வேண்டாம்.

கணிதத்தை ஒதுக்கிவிட்டுப் படிக்க விரும்புவோருக்கு ஆறாம் படிவக் கலைப்பிரிவு நெடுங்காலமாக இருக்கும் வழி. மலாயோடு வேறு பாடங்களின் கிரெடிட்டை வைத்து நுழையலாம். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எஸ்.பி.எம்.மில் எடுத்த பிள்ளைக்கு அவையே கைகொடுக்கும். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் ஒரு பாடம். அங்கிருந்து 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை வரை போன பாதை மிதிபட்ட பாதைதான்.

கையால் ஏறும் ஏணி

தொழிற்பயிற்சியின் வரலாறு தனியாக ஓடியது. மனிதவளத் துறையின் கீழ் தொழிற்பயிற்சிக் கழகங்கள் 1964இலிருந்து வந்தன. டூசுன் துவாவில் இளைஞர் பயிற்சி மையமும் அதே காலத்தது. 1966இல் அமைந்த மாராவின் திறன் கழகங்கள் பூமிபுத்ராக்களுக்கென ஏற்பட்டவை. எந்தக் கழகம் யாருக்கு, தனக்கு இடமுள்ளது எது என்று தோட்டப்புறத் தமிழ் இளைஞருக்குப் பிரித்துச் சொல்ல ஆளில்லை. எல்லாமே நமக்கில்லை என்ற முடிவுக்கு வீடுகள் வந்தன. உரிய இடங்கள் திறந்திருந்தபோதும் அந்த நம்பிக்கையின்மை நீடித்தது.

அந்த இடைவெளியில் சமூக முயற்சிகள் எழுந்தன. கேப்ரியல் சபைத் துறவியர் ஷா ஆலமில் நடத்தும் மொன்ட்ஃபோர்ட் இளைஞர் இல்லம் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இயந்திர வேலை, வாகனப் பழுதுபார்ப்பு கற்றுக்கொடுத்தது. மலாக்காவிலும் அதன் மையம் உண்டு. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) 1984இல் அமைத்த எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அமைப்பின் வழியாகச் சிரம்பானில் டாஃபே கல்லூரி தொழில்நுட்பக் கல்வி தந்தது. சிரம்பான் மலாக்காத் தோட்டங்களுக்கு எட்டிய தூரம்.

உண்மையான திருப்பம் 1989இல் தேசியத் தொழிற்பயிற்சி மன்றத்தோடு தொடங்கி, 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தோடு வலுப்பெற்றது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். ஐந்து நிலை ஏணி. மேல் இரண்டு படிகள் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும். முதற்படியில் கேட்பது எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதைத்தான். ஏட்டில் என்ன வாங்கினாய் என்பதை விட்டுவிட்டு, கையால் என்ன செய்கிறாய் என்று கேட்ட சான்றிதழ் இது. பத்து ஆண்டு ஆலையில் வேலை பார்த்தவரின் அனுபவத்தையே ஆதாரமாக ஏற்றுச் சான்றளிக்கும் முறையும் இதில் உண்டு. தஞ்சோங் கிளிங் ஆலைகளில் கணக்கில் ஏறாமல் போன உழைப்புக்கு ஒரு தலைமுறை தாமதமாகக் கிடைத்த பதில் அது. 2005இல் ஜெர்மானிய முறையைத் தழுவி வந்த எஸ்.எல்.டி.என். பயிற்சியில் பெரும்பகுதி தொழிலிடத்திலேயே நடக்கும். படிக்கும்போதே உதவித்தொகை வரும்.

2001இல் சமூகக் கல்லூரிகள் தோன்றின. மலாக்காவில் மஸ்ஜித் தானாவிலும் தங்கா பத்துவிலும் இருப்பவை இந்த வட்டாரப் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே போய் வரும் தூரம். 2012இல் தொழிற்பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக மாறின. மூன்றாம் படிவம் முடித்த பிள்ளை அலோர் காஜாவில் உள்ள டத்தோ ஸ்ரீ முகமட் ஸின் தொழிற்கல்லூரி போன்றவற்றில் சேர்ந்து, தொழில் டிப்ளோமாவோடு வெளிவரலாம். தாபோ நானிங்கில் அட்டெக் தொழில்நுட்ப மையம் உள்ளது. டுரியான் துங்கலில் 2000இல் தொடங்கிய மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஒருகாலத்தில் ரப்பர்க் காடாக இருந்த ஊரிலேயே நிற்கிறது.

கணிதம் இந்த வழிகளில் ஒழிந்துவிடுவதில்லை. இதைப் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. குழாய் பொருத்தும் பயிற்சியில் சேர்ந்த பையனுக்கு முதல் வாரமே பின்னம் எதிரே வந்து நிற்கும்: அரை அங்குலக் குழாய், முக்கால் அங்குலக் குழாய், ஒன்றேகால் அங்குலம். முக்காலை அரையோடு சேர்க்க எந்த அளவு இணைப்பு வேண்டும் என்று பார்க்க வேண்டும். நீளத்தில் பற்றவைப்புக்கு எவ்வளவு விட வேண்டும் என்று கழிக்க வேண்டும். தவறினால் நீர் கசியும். கசிவு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். அறுத்துவிட்டு மறுபடி வெட்டலாம். தேர்வுத் தாளில் சிவப்புக் கோடு விழுந்த பிள்ளைக்கு, தன் தவறு எங்கே என்று அப்படிக் காட்டியவர் யாருமில்லை.

2017இல் அறிவித்த மலேசிய இந்தியர் வரைவுத் திட்டம் திறன் பயிற்சிக்கு இடமளித்தது. 2025இல் மக்களவை இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. பதினாறில் பள்ளியை விட்டு நின்ற பழைய வழக்கம் சட்டத்தில் மறைந்துவருகிறது. ஆனால் கழகங்களின் விண்ணப்பங்கள் இணையத்தில், மலாயில், குறிப்பிட்ட சில வாரங்களில் திறந்து மூடுகின்றன. மூன்றாம் படிவ முடிவில் தொழிற்கல்லூரிக்கு, ஐந்தாம் படிவ முடிவில் மற்றவற்றுக்கு. அந்த வாரங்களில் கோயில் மண்டபத்தில் ஒரு கணினியும், படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் அக்காளும் இருந்தாலே பல பிள்ளைகளின் பெயர் பட்டியலில் ஏறிவிடும்.